ஈஸ்ட் ஹாமில் நான் மந்திரவாதியான கதை

1

ஒக்டோபர் முடியும் நாளில் இந்த ஊர்ப் பிள்ளைகள் பேய் வேடம் போட்டுக்கொண்டு வீடு வீடாக இனிப்புக் கேட்டுப் போவார்கள். அமெரிக்காவிலிருந்து வந்து தொற்றிக்கொண்ட பழக்கம் என்று வயதான வெள்ளைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். இந்த வருடம் என் மகளும் கறுப்புக் கூர்த்தொப்பி ஒன்றைப் போட்டு, முகத்தில் பச்சை பூசிக்கொண்டு சிநேகிதிகளுக்காகக் காத்திருந்தாள். மணி அடித்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

வெளியே நின்றது சேலைக்கு மேல் குளிர்க்கோட்டுப் போட்ட ஒரு தமிழ்ப் பெண். ஐம்பது வயதிருக்கும். தோர்ண்டன் ஹீத்திலிருந்து இரண்டு ரயில் மாறி இல்ஃபோர்டுக்கு வந்திருந்தா. தொப்பியைக் கண்டதும் இரண்டடி பின்னால் போய்விட்டா. பிறகு துணிந்து, அப்பா நிக்கிறாரோ என்று கேட்டா. மகளுக்குத் தமிழ் விளங்கும். பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். ஒரு அன்ரி வந்திருக்கிறா, மந்திரக்காரர் வேணுமாம் என்று உள்ளே திரும்பிச் சத்தம் போட்டாள்.

அந்தப் பெண்ணின் மருமகன் வேறு ஒருத்தியோடு திரிகிறானாம். அவனைத் திருப்பிக் கொண்டுவர ஏதாவது செய்ய வேண்டுமாம். எனக்கு ஒரு மந்திரமும் தெரியாது, நான் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்கிறவன் என்று சொன்னேன். எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்று சொல்லிவிட்டு, மருமகனின் படத்தைச் சப்பாத்துத் தட்டில் வைத்துவிட்டு நடந்தா. நான் தெருவில் ஓடிப்போய்ப் படத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

வீட்டுக்குள் வந்தால் மகள் ஆவலோடு நிற்கிறாள். "டாட், ஆர் யூ எ விஸார்ட்?" அவளுக்கு அது சந்தோஷமான விஷயம். இனி அவளுக்கும் தெரியட்டும், சொல்லுங்க என்றா மனைவி. நான் பாதிதான் சொன்னேன். மீதியை ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். இதைப் பற்றி நீங்கள் பல விதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

2

நான் லண்டனுக்கு வந்தது எண்பத்தாறில். மட்டக்களப்பிலிருந்து வந்தவர்கள் அப்போது இங்கே மிகக் குறைவு. ஈஸ்ட் ஹாமில் அறை தேடிப் போன இடமெல்லாம் முதல் கேள்வி ஒன்றுதான்: தம்பி எந்த இடம்? இடத்தைச் சொன்னதும் அறை நேற்றே போய்விட்டது என்பார்கள். அறையை எனக்குத் தந்தவர் சிவநேசன் அண்ணை ஒருவர்தான். யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியராக இருந்தவர். இங்கே பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. ஒரு நாள் லீவு போட்டு என்னோடு குரோய்டனில் உள்ள குடிவரவு அலுவலகத்துக்கு வந்து, வரிசையில் நின்று, நான் சொன்னதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதித் தந்தார். அந்த மனிதரை நான் வெறும் கொடியவராக எழுத முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹை ஸ்ட்ரீட் நோர்த்துக்கு அருகே ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று அது. மேலே முன் அறையில் அண்ணையும் அவருடைய மனைவி இராசாத்தியும். பக்கத்தில் ஒரு கட்டில் மட்டும் கொள்ளும் சின்ன அறையில் நான். கீழே குகன், வரதன் என்ற இரண்டு யாழ்ப்பாணப் பொடியன்கள். குகன் உணவகத்தில் கோப்பை கழுவினான். வரதன் அண்ணையின் தொழிற்சாலையிலேயே வேலை செய்தான்.

முதல் நாளே வரதன் பகிடி விட்டான். மட்டக்களப்பார் விருந்துக்கு வந்தவனை மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்களாம். அதனால் இந்த வீட்டில் இனி எல்லாரும் கட்டிலில்தான் படுக்க வேண்டுமாம். நானும் சிரித்தேன். 'பிறகு' என்பதற்கு நான் 'மறுகா' என்று சொல்லும்போதெல்லாம் மூன்று பேரும் சேர்ந்து அதைத் திருப்பிச் சொல்லிச் சிரிப்பார்கள். இராசாத்தி மட்டும் சிரிப்பதில்லை. என் தகப்பன் பஸ் சாரதி; வீட்டில் ஆருக்காவது காய்ச்சல் வந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவர். மந்திரம் என்ற சொல்லையே எங்கள் வீட்டில் நான் அதிகம் கேட்டதில்லை. அதைச் சொன்னால் ஆரும் நம்பவில்லை. மறைக்கிறான் என்றார்கள்.

எண்பத்தேழு தொடக்கத்தில் அண்ணையின் தம்பியை ஊரில் பஸ்ஸிலிருந்து இறக்கிச் சுட்டுவிட்டார்கள். தெருமுனைத் தொலைபேசிப் பெட்டிக்குள் நின்று செய்தியைக் கேட்டுவிட்டு வந்தவர், குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இராசாத்தி கேட்ட பிறகுதான் சொன்னார். அழவில்லை. அந்தக் கிழமையிலிருந்து குடிக்கத் தொடங்கினார். அதன் பிறகு அடிக்கத் தொடங்கினார்.

எனக்கும் அவர்களுக்கும் நடுவில் இருந்தது பலகைச் சுவர். முதலில் அவருடைய குரல் மட்டும் கேட்கும். பிறகு கட்டில் நகரும். பிறகு இராசாத்தி மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம். கத்தினால் கீழே இருப்பவர்களுக்குக் கேட்கும் என்று அவ கத்துவதில்லை. கீழே இருந்தவர்களுக்கும் எல்லாம் கேட்டது. அந்த நேரங்களில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவைத்தார்கள்.

இராசாத்திக்கு அப்போது ஆறு மாதம். ஒரு நாள் காலையில் அண்ணை தேத்தண்ணி ஊற்றும்போது நான் துணிந்து சொன்னேன்: "அண்ணை, பிள்ளத்தாச்சிக்குக் கை ஓங்காதீங்க." அவர் கோப்பையை மெதுவாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து அவர் என்னோடு கதைப்பதை நிறுத்திக்கொண்டார்.

3

பத்து நாள் போயிருக்காது, பிள்ளை போய்விட்டது. நான் வேலையால் வரும்போது அம்புலன்ஸ் வாசலில் நின்றது. படியில் விழுந்துவிட்டா என்று அண்ணை சொன்னார். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் சொன்னார். இராசாத்திக்கு ஆங்கிலம் போதாததால் அவருடைய சொல்தான் அங்கே எழுதப்பட்டது.

அடுத்த மாதம் குகனின் அகதி விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். அவனுடைய மாமா ஒருவரை ஊரில் ஆமி சுற்றிவளைத்துக் கொண்டுபோனது பற்றியும் கடிதம் வந்தது. வரதனின் சுண்டுவிரலைப் பாண் வெட்டும் இயந்திரம் கொண்டுபோனது. மூன்று பேரும் குசினியில் இருந்து குடிப்பார்கள். நான் உள்ளே போனால் கதை நின்றுவிடும். இந்த வீட்டுக்கு ஆரோ ஏதோ செய்திருக்கிறார்கள் என்ற சொல் என் காதில் பட்டது. அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. கேட்டது துக்கம் பிடித்த மனிதர்களின் கதை என்றுதான் நினைத்தேன். ஒவ்வொருவனுக்கும் ஊரில் ஒரு பிணம் கிடந்தது. அதைச் செய்தவனைத் தொட முடியாத தூரத்தில் நாங்கள் இருந்தோம்.

4

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பகல் சாப்பாட்டுக்கு முந்திய நேரம். பின்பக்கக் கழிவுநீர்க் கான் அடைத்துக்கொண்டதால் குசினித் தண்ணீர் திரும்பி வந்தது. வீட்டுச் சொந்தக்காரன் தொலைபேசியை எடுக்கவில்லை. நாங்களே மண்வெட்டியும் குறடும் இரவல் வாங்கிக் கிண்டினோம். பின்கதவுப் படிக்குக் கீழே வரதனின் மண்வெட்டி எதிலோ தட்டியது.

மண்ணுக்குள் தலைகீழாகப் புதைத்த ஒரு மண்ணிறப் போத்தல். வாயைத் தக்கையால் அடைத்து மெழுகு ஊற்றியிருந்தது. அண்ணை மண்வெட்டி விளிம்பால் அதன் கழுத்தை உடைத்தார். மஞ்சள் தண்ணீர் நாற்றத்தோடு வழிந்தது. உள்ளே துருப்பிடித்த ஆணிகள், குண்டூசிகள், முடிச்சுப் போட்ட கறுப்புத் தலைமயிர், ஒரு சிவப்புத் துணித் துண்டு.

குகன் மதிலோடு ஒட்டி நின்றான். இராசாத்தி கதவடியில் நின்று பார்த்தா. உண்மையைச் சொன்னால் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பிறகு வரதன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

"இது உங்கடை பக்கத்து வேலை" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புத்தான் என்னைப் பிடித்துக் கொடுத்தது.

குசினிக்குள் இழுத்துப் போட்டார்கள். முதல் அடி மண்வெட்டிப் பிடியால் தோளில் விழுந்தது. அடுத்தது முழங்காலில். விழுந்த பிறகு காலால். அண்ணை கதிரையில் இருந்துகொண்டு கேள்வி கேட்டார். வகுப்பில் மாணவனைக் கேட்பது போலக் குரலை உயர்த்தாமல் கேட்டார். எப்போது வைத்தாய், ஆர் சொல்லி வைத்தாய், என்னுடைய மனிசியின் தலைமயிரை எப்படி எடுத்தாய். நான் இல்லை என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் வரதனுக்குத் தலையசைப்பார். விலாவில் ஏதோ முறிந்தது. மூச்சு இழுக்கும் இடத்தில் கத்தி வைத்தது போல இருந்தது. அந்த மயிர் சுருட்டை மயிர், இராசாத்தி அக்காவின் மயிர் அப்படி இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கும் அடி விழுந்தது.

அப்போதுதான் வரதனுக்கு ஊரில் கேள்விப்பட்ட ஒன்று நினைவுக்கு வந்தது. மந்திரவாதியின் முன்பல்லைக் கழற்றிவிட்டால் அவனால் மந்திரத்தைச் சரியாக உச்சரிக்க ஏலாது, பிறகு அது பலிக்காது. குகன் என் தலையைத் தன் முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கினான். அவனுடைய கால்கள் நடுங்கியது என் காதுகளுக்குத் தெரிந்தது. கான் வேலைக்கு வாங்கிய குறடு மண்ணோடு என் வாய்க்குள் வந்தது. முதல் பல் பாதியில் முறிந்தது. இரண்டாவது வேரோடு வந்தது. அந்தச் சத்தம் மண்டைக்கு உள்ளேதான் கேட்டது. இரத்தம் தொண்டைக்குள் இறங்கி எனக்கு மூச்சுத் திணறியது.

மூன்றாவது பல்லைக் குறடு பிடித்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தால் நான் சாகப்போகிறேன். என்னை அடிக்கும் நம்பிக்கையைத்தான் நான் பிடித்துக்கொள்ள வேண்டும். கையைத் தூக்கினேன். வரதன் குறட்டை எடுத்தான்.

"நான்தான் வச்ச. மிச்சப் பல்லையும் புடுங்கினா எடுக்கிற மந்திரம் சொல்ல ஏலா. மறுகா ஒருத்தராலயும் எடுக்க ஏலா" என்றேன்.

'மறுகா'வுக்கு அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. வரதன் குறட்டைக் கீழே வைத்துவிட்டு அண்ணையைப் பார்த்தான். அண்ணையின் முகம் தளர்ந்தது. அவர் கண்களை மூடிக்கொண்டார். ஒரு பெரிய பாரத்தை யாரோ வாங்கிக்கொண்டது போல இருந்தது அவருக்கு. அந்த முகத்தின் பொருள் எனக்கு விளங்கப் பல வருடம் சென்றது.

தேசிக்காயும் கற்பூரமும் மஞ்சளும் வேண்டும் என்றேன். குகனைக் கடைக்கு அனுப்பினார்கள். அதுவரை சும்மா இருந்தால் சந்தேகப்படுவார்கள். கண்ணை மூடி முணுமுணுக்கத் தொடங்கினேன். ஒரு தேவாரம்கூட அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. தினமும் வேலைக்குப் போகும் ரயில் பாதையின் நிலையப் பெயர்கள்தான் வந்தன. பார்க்கிங், அப்னி, பெக்கன்ட்றீ, டாகன்ஹாம். இரத்தம் நிறைந்த வாயால், முன்பல் இல்லாமல், அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். வரதன் சுவர் வரைக்கும் பின்வாங்கினான்.

இராசாத்தி என்னைக் கூர்ந்து பார்த்தா. அவவுக்கு விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. டாகன்ஹாமில் அவவும் கொஞ்சக் காலம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவ. அவ தன் புருஷனிடம் திரும்பி, மெதுவாகச் சொன்னா: "எடுக்கேக்கை வாசல் எல்லாம் திறந்து கிடக்கவேணும். இல்லாட்டி அது வெளியிலை போகாது."

அண்ணை தலையசைத்தார். அவ போய் முன்கதவைத் திறந்தா. திறந்தபடியே வெளியே இறங்கி, வெறுங்காலோடு பக்கத்து வீட்டு மணியை அடித்து, வாயில் வந்த ஒரே ஆங்கிலச் சொல்லைச் சொன்னா: "பொலிஸ்."

குகன் தேசிக்காய்ப் பையோடு திரும்பி வந்து பொலிஸின் கையில்தான் விழுந்தான்.

5

ஆஸ்பத்திரியில் வைத்துப் பொலிஸ் வாக்குமூலம் எடுத்தது. மொழிபெயர்க்க ஒரு பெண்மணியை அழைத்து வந்தார்கள். மதுரைப் பக்கத்தவர், ஒரு டொக்டரின் மனைவி. மிகவும் மரியாதையானவர். ஆனால் நானும் அவரும் பேசியது ஒரே தமிழ் அல்ல. பிள்ளத்தாச்சிக்கு அடிக்க வேண்டாம் என்று நான் சொன்ன பிறகு வரதன் எனக்குப் பேசினான் என்றேன். எங்களுக்குப் 'பேசுவது' என்றால் திட்டுவது. அவர் அதை, வரதன் என்னோடு உரையாடினான் என்று சொல்லிவிட்டார். பரவாயில்லை என்று விட்டேன். நான்தான் வைத்தேன் என்று சொன்னேன் என்றேன். அவர் அதை, போத்தலை உண்மையாகவே நான்தான் வைத்ததாக மொழிபெயர்த்தார். பொலிஸ்காரரின் பேனை நின்றது. அந்த ஒரு வசனத்தைத் திருத்தப் பின்னேரம் முழுவதும் போனது. என் வாய் வீங்கியிருந்ததால் 'த'வும் வரவில்லை, 'ன'வும் வரவில்லை.

பொலிஸ்காரர் கோப்பி குடிக்க வெளியே போனதும் அந்த அம்மா தன் கதிரையைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினார். தயங்கித்தான் கேட்டார்: "தப்பா நெனைக்காதீங்க. நீங்க நெஜமாவே ஒண்ணும் செய்யலையே?"

அடி விழுந்த போது அழாதவன் அப்போது அழுதேன்.

6

பக்கத்து வீட்டில் இருந்தது மிஸிஸ் ஹார்ப்பர் என்ற விதவை. எழுபதுக்கு மேல் வயது. இராசாத்தியை அன்றிலிருந்து தன் வீட்டில் வைத்திருந்தா. நான் ஆஸ்பத்திரியால் வந்ததும் என் பெட்டியை எடுக்க அங்கே போனேன். முன் அறையில் மிஸிஸ் ஹார்ப்பர் கூப்பிட்டு வந்த இன்னொரு பெண் இருந்தா. கறுப்பினத்தவ, ஐம்பதைத் தாண்டிய பெரிய உடம்பு. பெயர் லொரெட்டா. எழும்பி வந்து என் வாயைப் பார்த்தா. பிறகு, அது என்னுடைய போத்தல் என்றா.

அவ சொன்னது இதுதான். அவ பிறந்தது அமெரிக்காவில், தென் கரோலினாக் கரைக்கு அப்பால் உள்ள ஒரு தீவில். அமெரிக்க விமானப்படையில் இருந்து விலகி இங்கேயே தங்கிவிட்ட ஒருவனின் மனைவியாக லண்டனுக்கு வந்திருக்கிறா. பல வருடங்களுக்கு முன்னர் குடியிருந்தது அதே வீட்டில். என் பல்லைப் பிடுங்கிய குசினியில்தான் அவன் அவவின் தாடையை உடைத்தான். பொலிஸுக்குச் சொன்னால், அது குடும்ப விவகாரம் என்று போய்விட்டார்களாம். அதனால் தன் ஊரில் எல்லாரும் செய்வதை அவவும் செய்தா. ஆணியும் ஊசியும் வருகிற தீமையைக் குத்துவதற்கு. தன் தலைமயிரும் சிறுநீரும், அந்தத் தீமை போத்தலை அவ என்று நினைத்து அதற்குள் போவதற்கு. சிவப்புத் துணி பலத்துக்கு. ஆரையும் கெடுப்பதற்கு அல்ல. காவலுக்குத்தான் படிக்குக் கீழே வைத்தா.

எங்கள் தீவில் கதவுச் சட்டத்துக்கு நீலம் பூசுவோம், ஆவி வராது என்றா. மலைப்பக்கத்து வெள்ளைக்காரர்கள் பைபிள் வசனத்தை எழுதி வாசலுக்கு மேல் ஒளித்துவைப்பார்களாம். நியூ ஒர்லியன்ஸ் பக்கம் மெழுகுவர்த்தியும் புனிதர்களின் படமும். வடக்கே ஜெர்மன் வழிக் குடியானவர்கள் மாட்டுக் கொட்டிலில் நட்சத்திரம் வரைவார்களாம். எல்லாரும் ஏதோ ஒன்றைச் செய்வார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் மற்றப் பக்கத்தவனைக் கண்டால்தான் பயம். கரையில் இருப்பவர்கள், தீவு ஆட்களின் கையால் வாங்கிச் சாப்பிடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் வளர்ப்பார்களாம்.

நான் பாயோடு ஒட்டவைக்கும் கதையைச் சொன்னேன். அவ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. எனக்கும் சிரிப்பு வந்தது, விலா அனுமதிக்கவில்லை.

இராசாத்தி மூலையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தா. அந்தப் போத்தல் வேலை செய்ததோ என்று என்னைக் கேட்கச் சொன்னா. கேட்டேன். வைத்த பிறகுதான் அவன் என் கையை முறித்தான் என்றா லொரெட்டா. ஆனால் வாசலில் ஏதோ ஒன்று காவல் நிற்கிறது என்ற நினைப்பில் சில இரவுகள் நன்றாகத் தூங்கினாவாம். தூங்கியதால் புத்தி தெளிந்ததாம். தெளிந்ததும், அகப்பட்டதைக் கையில் எடுத்துக்கொண்டு இந்த வீட்டு மணியை வந்து அடித்தாவாம். அதே மிஸிஸ் ஹார்ப்பர்தான் அன்றும் கதவைத் திறந்தாவாம்.

இராசாத்தி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு நிமிர்ந்தா.

"எனக்கு ஒருத்தரும் செய்வினை வைக்கேல்லை. நான் படியிலை விழேல்லை. அவர் உதைஞ்சவர். வயித்திலைதான் உதைஞ்சவர். இவைக்குச் சொல்லுங்கோ."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தக் காலத்தில் என் வாயில் பாதி ஆங்கிலச் சொற்கள் உடைந்துதான் வரும். 'கிக்' என்ற சொல்லுக்கு முன்பல் தேவைப்படவில்லை. தெளிவாகவே வந்தது. மிஸிஸ் ஹார்ப்பர் எழும்பிப் போய் யன்னலடியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றா. லொரெட்டா தன் கதிரையை இழுத்து இராசாத்தியின் பக்கத்தில் போட்டா.

7

இராசாத்தி நீதிமன்றத்தில் இரண்டையும் சொன்னா: எனக்கு நடந்ததையும், தனக்கு நடந்ததையும். ஊரிலிருந்து தகப்பன் தொலைபேசியில், இனி நீ எங்களுக்குச் செத்தவள் என்றார். அதைக் கேட்ட பிறகும் போய்ச் சொன்னா. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என்னிடம், மந்திரவாதி என்று உங்களை நீங்களே சொன்னது உண்மையா இல்லையா, ஆம் இல்லை என்று மட்டும் பதில் சொல்லுங்கள் என்றார். ஆம் என்றேன். லொரெட்டாவும் சாட்சி சொன்னா; போத்தலுக்குள் இருந்த மயிர் தன்னுடையது என்று தலையைத் தொட்டுக் காட்டினா. அண்ணையும் குகனும் தண்டனை பெற்று மறியலுக்குப் போனார்கள். வரதன் அதற்கு முன்பே பிரான்ஸுக்கு மாறிவிட்டான்.

இராசாத்தி சில வருடம் லொரெட்டாவின் வீட்டில் இருந்து, ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் அவவோடு வேலை செய்தா. பிறகு கனடாவுக்குப் போய்விட்டா. தைப்பொங்கலுக்கு என் மனைவியோடு கதைப்பா.

வழக்கில் வென்றது நான். ஆனால் ஈஸ்ட் ஹாம் வேறு தீர்ப்பு எழுதிவிட்டது. அவனே ஒப்புக்கொண்டானாம், பொலிஸுக்கு முன்னாலேயே மந்திரம் சொன்னானாம் என்று கதை பரவியது. மீண்டும் அறை கிடைக்கவில்லை. கோயிலில் தாய்மார் பிள்ளைகளை எனக்கு அந்தப் பக்கம் மாற்றிப் பிடிப்பார்கள். அதே ஆட்களில் சிலர் ரயில் நிலையத்தில் மறித்து, கொழுந்தனுக்கு ஒன்று செய்ய ஏலுமோ என்று காதுக்குள் கேட்பார்கள். ஒருவன் ஓர் ஆளைச் சாகடிக்க முடியுமா என்றே கேட்டான். இல்லை என்று சொன்னதற்கு என் சட்டையைப் பிடித்தான். இல்லை என்ற சொல்லை நான் எத்தனை தடவை சொன்னாலும் அது பல்லில்லாத மந்திரவாதியின் அடக்கமாகவே கேட்டது.

கல்யாணம் ஊர்ப்பக்கத்தில்தான் சரிவந்தது. என்னுடைய பல்லைப் பற்றி மாமனாரிடம் ஆரோ கோள் சொன்னபோது, பல்லை விடுங்க, பொடியன் ஒழுங்கா வேலைக்குப் போறானா என்று கேட்டாராம்.

8

தொண்ணூற்று நாலில் நான் இல்ஃபோர்டுக்கு அருகே ஒரு பெற்றோல் நிலையத்தில் பகல் ஷிப்ட் செய்துகொண்டிருந்தேன். மழை பெய்துகொண்டிருந்த ஒரு முற்பகல். சிவநேசன் அண்ணை உள்ளே வந்தார். தலை முழுவதும் நரைத்திருந்தது. கடையில் நின்ற ஒருவர் போகும்வரைக்கும் பத்திரிகைத் தட்டடியில் காத்து நின்றார். குறடு வாய்க்குள் வந்த நேரத்து நாற்றம் வந்தது.

அவர் எனக்கு முன்னால் வந்து நின்றார். முன்பு என்னை நீ என்றும் டேய் என்றும் கூப்பிட்டவர், இப்போது மரியாதையோடு பெயர் சொன்னார்.

"தவம், நீங்கள் அண்டைக்கு வைச்சதை எடுத்துவிடவேணும்" என்றார்.

நித்திரை இல்லை, சாப்பாடு இறங்குவதில்லை, எந்த வேலையிலும் நிற்க முடியவில்லை என்றார். என்ன கேட்டாலும் செய்வதாகச் சொன்னார். நான் ஒன்றும் வைக்கவில்லை, அது அந்த அமெரிக்கப் பெண்ணின் போத்தல், நீதிமன்றத்தில் அவவே சொன்னாதானே என்றேன். அது நீதிமன்றத்துக்குச் சொன்னது என்றார். குரல் தணிந்தது.

"எடுக்காட்டிலும் பரவாயில்லை. நீங்கள்தான் வைச்சதெண்டு ஒருக்காச் சொல்லுங்கோ."

அவர் வந்தது எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. குசினித் தரையில் நான் அந்த வசனத்தைச் சொன்னபோது அவர் ஏன் கண்ணை மூடினார் என்பதும் விளங்கியது. என் உயிரைக் காப்பாற்றிய பொய் அது. இன்னொரு தடவை சொன்னால் இந்த மனிதர் அதைக் கொண்டுபோய் அதன் மேல் படுத்துத் தூங்குவார். சொல்வதற்கு எனக்கு ஒரு செலவும் இல்லை. வாயைத் திறந்தேன். வேறொன்றுதான் வந்தது.

"அண்ணை, நான் பக்கத்து அறையில இருந்தவன். எனக்கு எல்லாம் கேட்டது."

அவர் கை ஓங்கினார். நான் விலகவில்லை, விலக இடமும் இருக்கவில்லை. அந்தக் கை என் மேல் விழவில்லை. திரும்பி, தனக்குப் பின்னால் இருந்த குளிர்பானப் பெட்டியின் கண்ணாடிக் கதவைக் குத்தினார். ஒரு தடவை குத்தியதில் அது வெடித்தது. இரண்டாவது குத்தில் கை உள்ளே போனது. இழுத்து எடுத்தபோது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பிளந்திருந்தது. தரையில் தகர டின்கள் இரத்தத்தோடு உருண்டன.

நான் அம்புலன்ஸுக்குத் தொலைபேசி அடித்துவிட்டு, காசு மேசைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். கார்க் கண்ணாடி துடைக்க வைத்திருக்கும் நீலக் கடதாசிச் சுருளை எடுத்து அவருடைய கையைச் சுற்றினேன். ஊறியது. மேலும் சுற்றினேன். அவரைத் தரையில் இருத்தி, கையைத் தலைக்கு மேலே உயர்த்தி இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தேன். என்னை அடிக்கச் சொல்லித் தலையசைத்த மனிதர், இப்போது என்னைப் பிடிக்க விட்டார். முகத்தில் நிறமே இல்லை. உதடு அசைந்தது. குனிந்தேன்.

"பிள்ளை பொடியன்" என்றார். "டொக்டர் துணியிலை சுத்தி எனக்குக் காட்டினவர். என்ரை தம்பியின்ரை மூக்கு."

அம்புலன்ஸ் வரும்வரை அந்தக் கையை விடாமல் உயர்த்திப் பிடித்திருந்தேன்.